சோளனுக்குக் கணினி மொடல் ஓட்டினேன், அப்பா சிரிக்கிறார். பிழை எங்கே?

உன்னிச்சைப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விவசாயம் படித்தவள் இல்லை. படித்தது கணினி. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அப்பாவுக்கு மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டுநிலம் இருக்கிறது. மானாவாரி. மாரியில் சோளன் (மக்காச்சோளம்), மிச்ச நாளில் கச்சானோ பயறோ, இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

போன பெரும்போகத்தில் உழவு மெசின் கிடைக்காமல் பிந்தி, நவம்பர் 2ஆம் திகதிதான் விதை ஊன்றினோம். கலப்பின விதை. இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து மூன்று அந்தர் (150 கிலோ) யூரியா. காய்ந்த மணி கடைசியில் 2,300 கிலோ வந்தது. அதாவது ஏக்கருக்கு 1,150. அப்பா "பரவாயில்லை" என்றார். அவர் பரவாயில்லை என்றால் நட்டம் இல்லை, லாபமும் இல்லை என்று அர்த்தம்.

இந்த முறை விதைக்கும் நாளை மாற்றிப் பார்த்தால் என்ன என்று யோசித்து இணையத்தில் தேடியபோதுதான் டிசாட் மென்பொருள் கண்ணில் பட்டது. மண், வானிலை, விதை விபரம் கொடுத்தால் பயிர் எப்படி வளரும், எவ்வளவு விளையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். சும்மா கிடைக்கிறது. அதற்குள் செரெஸ் என்று சோளத்துக்கான மொடல் ஒன்று இருக்கிறது. வானிலைக்கு நாசாவின் பவர் தளத்தில் எங்கள் நிலத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு போட்டு நாள்வாரித் தரவை இறக்கினேன். மண்ணுக்கு, கூடவே வந்த கோப்பிலிருந்து ஆழமான மணல் கலந்த இருவாட்டி மண்ணைத் தெரிவு செய்தேன். இனத்துக்கு, பட்டியலில் இருந்த ஏதோ ஒரு கலப்பினம். ஓட்டினால் ஹெக்டயருக்கு 6,400 கிலோ என்கிறது! 2.47ஆல் பிரித்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,590. எங்களுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்று. மொடல் 91 நாளில் பயிர் முற்றிவிட்டது என்கிறது. எங்களுக்கு 108 நாள் எடுத்தது. பூ வந்த நாள், பொத்தி (கதிர்) முறித்த நாள் எல்லாம் அப்பாவின் கலண்டரில் குறித்திருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "இந்தக் காணி எங்க இருக்குதென்று கேட்டுச் சொல்லு மகள், விலை பேசி வாங்குவம்" என்றார்.

நான் செய்த பிழை என்ன? இல்லை, இந்த மொடல்கள் வெள்ளைக்காரன் நாட்டுக்குத்தான் சரிவருமா?


மண்கிண்டி எழுதியது:

தங்கச்சி, அப்பா சொன்னது பகிடி இல்லை. கிட்டத்தட்ட அதுதான் விடை. நீங்கள் ஓட்டியது உங்கள் காணியை இல்லை.

நான் விவசாய பீடத்தில் படித்தபோது இறுதியாண்டு ஆய்வுக்கு இதே செரெஸ் மொடலோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியவன். இப்போது வேறு வேலை. ஆனாலும் பழைய காதல் விடுமா, நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கசப்பு. உங்கள் இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடப் பெரிது. மொடல் சொல்லும் 6,400 ஈரம் துளியும் இல்லாத உலர் எடை. நாம் விற்பது 14 சதவீத அளவில் ஈரம் உள்ள மணி. 6,400ஐ 0.86ஆல் பிரித்தால் 7,440 வரும். ஏக்கருக்கு 3,000 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இதை அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது 91 நாள் விஷயம். இதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல துப்பு. சோளன் திகதி பார்த்து வளர்வதில்லை, வெப்பத்தைச் சேர்த்து வளர்கிறது. செரெஸ் மொடல் 8 பாகைக்கு மேலுள்ள வெப்பத்தை நாளாந்தம் கூட்டிக்கொண்டே போகும். மாரியில் நமக்குச் சராசரி 26 பாகை என்றால் ஒரு நாளைக்கு 18 சேரும். பொத்தி நுனியில் பட்டு நூல் வெளிவருவதிலிருந்து மணி முற்றும் வரை எவ்வளவு சேர வேண்டும் என்பது இனத்துக்கு இனம் மாறும். மொடலில் அதற்கு பி5 என்று பெயர். நீங்கள் எடுத்த இனம் அநேகமாக அமெரிக்கச் சோள வலயத்து இனம். அங்கே இரவு குளிர், அந்தத் தொகை சேர நாள் எடுக்கும். அதே இனத்தை உன்னிச்சைச் சூட்டில் விட்டால் ஓட்டமாய் ஓடி முற்றிவிடும். வெப்ப வலயத்தில் சோளத்துக்கு விளைச்சல் குறைவதற்கு ஒரு பெரிய காரணமே இந்த அவசரம்தான். மணி நிரம்ப நாள் போதாது.

அப்பாவின் கலண்டரை எடுங்கள். பாதிச் செடிகளில் பட்டு வந்த நாள் எது? ஊன்றி 53ஆம் நாள் என்று வைத்துக்கொண்டால், 108இல் 53 போக 55. 55ஐ 18ஆல் பெருக்கினால் 990. ஆனால் 108 நீங்கள் முறித்த நாள். பயிர் அதற்கு முன்னமே முற்றியிருக்கும். மணியைக் கழற்றி அடி நுனியைப் பாருங்கள், கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அது விழுந்த நாள்தான் கணக்கு. முறிப்பதற்கு ஒரு கிழமை பத்து நாளுக்கு முன் என்று எடுத்தால் பி5 810க்கும் 860க்கும் இடையில் நிற்கும். இந்தப் போகம் அந்த நாளைச் சரியாகக் குறித்துவையுங்கள். பகல் நீளத்துக்கென்று பி2 ஒன்று இருக்கிறது, அதோடு மினக்கெட வேண்டாம். நமது ஊரில் வருஷம் முழுக்கப் பகல் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை.

அடுத்தது மண். என் கணிப்பில் உங்கள் பிழையில் பெரும்பங்கு இதுதான். அந்தக் கோப்பு மண் ஒரு மீற்றருக்கும் மேல் ஆழம். உங்கள் மேட்டில் அலவாங்கு எவ்வளவு ஆழம் போகும்? நமது மேற்குப் பக்க மேட்டுநிலத்தில் ஒன்றரை அடியில் சரளை தட்டுவது சாதாரணம். கணக்கைப் பாருங்கள். மணல் கலந்த இருவாட்டி, ஒரு மீற்றர் ஆழத்தில் பயிர் எடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் பிடிக்கும். ஒன்றரை அடி என்றால் 45தான். அதிலும் பாதி போனதுமே பயிர் இழுத்துப்பறிக்கத் தொடங்கிவிடும். பூக்கும் காலத்தில் சோளன் நாளைக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும். ஆக உங்கள் நிலம் மழை இல்லாமல் தாங்குவது நாலு, ஐந்து நாள். கோப்பில் உள்ள மண் பத்து நாளைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். தைப் பிறப்பை ஒட்டி இரண்டு கிழமை மழை நின்றிருந்தால் மொடலுக்கு அது ஓய்வு, உங்கள் சோளனுக்கு அது சாவு.

மழைத் தரவு. நாசா தளத்து வெயில் கதிர்வீச்சு நல்லது, வெப்பநிலை பரவாயில்லை, மழையை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அது அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூடிய கட்டத்துக்கு ஒரு எண். 55 கிலோமீற்றருக்கும் மேல் அகலம். கடற்கரையிலிருந்து மகாஓயாப் பக்கம் வரை ஒரே மழை என்று சொல்வது போல. நமது மழை அப்படியா பெய்கிறது? செங்கலடியில் கொட்டும்போது கரடியனாற்றில் வெயில் எறிக்கும். சராசரி எடுத்தால் கொட்டியதும் குறையும், எறித்ததும் மறையும். ஒவ்வொரு நாளும் மூன்று நாலு மில்லிமீற்றர் தூறியதாகக் காட்டும். சோளனுக்கு அதைவிட என்ன வேண்டும்! மாரிக் காலத்தில் உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி என்று குளவாரியாக மழை அளவு செய்திகளில் வரும். உன்னிச்சைக் கணக்கைத் தேடிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நைதரசன் சுவிச்சைப் போட்டீர்களா? போடாவிட்டால் பசளைக் குறையே இல்லை என்று மொடல் எடுத்துக்கொள்ளும். மூன்று அந்தர் யூரியா 150 கிலோ. அதில் 46 சதவீதம் நைதரசன், 69 கிலோ. உங்கள் இரண்டு ஏக்கருக்கு அது ஹெக்டயருக்கு 85 கிலோ அளவில் வரும். போட்ட திகதியையும் கொடுங்கள். போட்ட மறுநாள் பெருமழை என்றால் அதில் எவ்வளவு கழுவிக்கொண்டு போனது என்றும் மொடல் சொல்லும்.

வெள்ளைக்காரன் நாட்டுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு: செரெஸ் சோள மொடல் 1986இல் டெக்சாஸில் புத்தகமாக வந்தது. ஆனால் அதை டிசாட் என்ற பெட்டிக்குள் வைத்தது ஹவாயை மையமாகக் கொண்டு, வெப்ப வலய நாடுகளுக்கென்றே 1980களில் நடந்த ஒரு திட்டத்தில்தான். ஆக நோக்கம் நாம்தான். கூட வரும் கோப்புகள்தான் நாம் இல்லை.


பரண்காவல் எழுதியது:

மண்கிண்டித் தம்பி நல்லா எழுதியிருக்கிறீர். எனக்கு வயது 67. மகன் வாங்கித் தந்த போனில் வாசிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மகள், உங்கட பெட்டியிடம் ஒரு விஷயம் கேட்டுச் சொல்ல வேணும். 2011 தையில் வந்த வெள்ளம் தெரியும்தானே? அந்தப் போகம் எனக்கு மூன்று ஏக்கர் சோளன். பொத்தி பிடிக்கிற பருவம். மழை விட்டு நாங்கள் போய்ப் பார்க்க, நின்றபடியே மஞ்சளாகி, வேர் நாறிப்போய் நின்றது. பிடுங்கினால் தலைமயிர் மாதிரிக் கையோடு வந்தது. ஒரு மூடைகூட எடுக்கவில்லை. அந்த வருஷத்துக்கு உங்கட மொடல் எவ்வளவு சொல்லுது?

விதைக்கிற நாளுக்கு நாங்கள் வைத்திருக்கிற கணக்கு இதுதான். ஐப்பசியில் முதல் மழைக்கு ஆசைப்பட்டு ஊன்றக்கூடாது. அது ஏமாற்று மழை. இரண்டாவது மூன்றாவது மழைக்குப் பிறகு மண்ணைக் கிண்டி, ஒரு சாணுக்குக் கீழேயும் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம் இருக்குதா என்று பார்க்க வேணும். இருந்தால் அன்றைக்கே ஊன்று. பிந்தினால் பொத்தி நிரம்பிற நேரம் மழை கை விடும். உங்கட அப்பா நவம்பரில் போட்டது உழவு மெசினால, அவர் பிழை இல்லை.

யானையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அதுக்கும் மொடல் இருக்குதா?


உன்னிச்சைப்பிள்ளை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைப் பார்த்த உடனேயே 2010 விதைப்பு, 2011 அறுவடை என்று போட்டு ஓட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல விளைச்சலாம். தண்ணீர்க் குறைபாடு பூச்சியம்.

மண்கிண்டி அண்ணா, நைதரசன் சுவிச் போடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாளைக்குக் காணிக்குப் போகிறேன், அலவாங்கோடு.


மண்கிண்டி எழுதியது:

ஐயா, அந்த 2011 கேள்வியைத்தான் எங்கள் பரீட்சையில் கேட்டிருக்க வேண்டும். செரெஸ் வறட்சியைப் பார்க்கப் பிறந்த பிள்ளை. வெள்ளம் அதற்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதோடு, கோப்பில் உள்ள மண் நீரைக் கீழே கடகடவென்று விட்டுவிடும். உங்கள் நிலத்தில் சரளைக்குக் கீழே கெட்டிக் களி இருந்தால் நீர் போக வழியில்லாமல் மேலே நிற்கும், வேருக்கு மூச்சு முட்டும். மண் கோப்பில் வடிகால் வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் காட்டும், உங்களுக்கு நடந்ததைப் போல முழுதாகக் காட்டாது. 2009இல் உலக உணவு விவசாய அமைப்பு வெளியிட்ட அக்குவாகுரொப் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. அதுவும் இலவசம், கேட்கும் தரவும் குறைவு. ஆனால் அதன் சோளக் கோப்பு கலிபோர்னியாவின் டேவிஸில் அளந்தது, அதையும் திருத்தாமல் ஓட்ட வேண்டாம்.

நீங்கள் சொன்ன சாண் கணக்கு மொடலுக்குள்ளேயே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? தானாக விதைக்கும் தெரிவு என்று ஒன்று. மேல் 30 சென்ரிமீற்றரில் ஈரம் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் அன்று ஊன்று என்று கட்டளை கொடுக்கலாம்.

யானைக்கு மொடல் இல்லை. படைப்புழுவுக்கும் டிசாட்டில் தானாக ஒன்றும் நடக்காது. 2018 கடைசியில் அம்பாறைப் பக்கம் சேனாப் படைப்புழு இறங்கியபோது மொடல் வைத்திருந்த எங்களுக்கும் வைத்திராதவர்களுக்கும் ஒரே முழிதான்.


அக்கரையூரான் எழுதியது:

நான் அக்கரைப்பற்று. சாகாமப் பக்கம் வாப்பாவின் காணியில் சோளன் போடுகிறேன். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எல்லாரும் மண், மழை என்று கதைக்கிறீர்கள், செடியை எண்ணினீர்களா? இரண்டடி வரிசை, ஓரடி இடைவெளி, குழிக்கு ஒரு செடி என்றால் புத்தகத்தில் சதுர மீற்றருக்கு ஐந்தரைச் செடி. காணியில் அப்படி இல்லை. பறவை கிளறினது, முளைக்காதது, பன்றி சாய்த்தது எல்லாம் போக நாலுகூட நிற்காது. ஒரு கயிறை 16 மீற்றர் 67 சென்ரிமீற்றருக்கு வெட்டி, 60 சென்ரிமீற்றர் வரிசை ஒன்றின் நெடுகப் பிடியுங்கள். அது சரியாகப் பத்துச் சதுர மீற்றர். அதில் நிற்கும் செடியை எண்ணுங்கள். நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். நான் முதல் முறை எண்ணியபோது 36தான் வந்தது. பசளைக்குச் செலவழித்த காசில் மூன்றில் ஒன்றை வெறும் நிலத்துக்குப் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மழை அளவுக்கு நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்தேன். கடிதம் கொண்டு வா, முத்திரை கொண்டு வா, அந்த ஐயா லீவு. நாலாம் தரம் போகவில்லை. பால்மா டின் ஒன்றை மூடியைக் கழற்றிக் கட்டையில் கட்டிவிட்டேன். காலையில் ஏழு மணிக்கு அடிமட்டத்தை விட்டுப் பார்ப்பது. பக்கம் நேராக இருக்கும் டின்னாக வேண்டும், மேலே மரம் கவியக்கூடாது. அவ்வளவுதான்.


உன்னிச்சைப்பிள்ளை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

காணியில் நாலு இடத்தில் அலவாங்கு போட்டோம். மூன்று இடத்தில் ஒன்றரை அடியில் "ணங்" என்றது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இரண்டரை அடி போனது. அந்த ஓரத்தில்தான் எப்போதும் பொத்தி பெரிது என்று அப்பா அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷமாக அதை நிழல் என்று நினைத்திருந்தாராம்.

உன்னிச்சை மழைக் கணக்கு சித்தப்பாவின் போனில் இருந்தது. மனிதர் வட்ஸ்அப்பில் வந்த எதையும் அழிப்பதில்லை, முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னேன். இடையில் ஒன்பது நாள் இல்லை, அதற்கு மட்டும் நாசா எண்ணைப் போட்டேன். ஜனவரி 5இலிருந்து 17 நாளுக்கு மழையே இல்லை. நாசாக் கோப்பில் அதே 17 நாளில் பதினொரு நாள் தூறியிருக்கிறது.

போன போகத்துப் பயிர் எண்ணுவதற்கு இப்போது இல்லை. ஆனால் அடிக்கட்டைகள் சில இடத்தில் இன்னும் நிற்கின்றன. கயிறு பிடித்து எண்ணினால் 38, 41, 37. யூரியாவில் பாதியைப் பெருமழைக்கு முதல் நாள்தான் போட்டோம், அதையும் கொடுத்தேன். பி5ஐ 840 ஆக்கினேன்.

இப்போது 2,980 கிலோ. 0.86ஆல் பிரித்து 2.47ஆலும் பிரித்தால் ஏக்கருக்கு 1,400. நமக்குக் கிடைத்தது 1,150. முற்றும் நாள் 101.

ஒவ்வொன்றாக மாற்றி மாற்றியும் பார்த்தேன். மண் ஆழத்தை மட்டும் மாற்றினாலே பெரிய இறக்கம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். அண்ணா சொன்னது சரி.

அப்பாவிடம் 1,400 என்றேன். இந்த முறை சிரிக்கவில்லை. "ஏக்கருக்கு 250 கிலோ மிச்சம் எங்க போனது?" என்றார். மொடலுக்குப் புழுவும் தெரியாது, யானையும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தையில் யானை இரண்டு இரவு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்ததையும் யானைவெடி தீர்ந்துபோய் தகரம் தட்டினதையும் சொல்லி, "அப்ப கணக்குச் சரி" என்றார். சரியா என்று எனக்கே தெரியாது. அவர் ஒத்துக்கொண்டாரே என்று விட்டுவிட்டேன்.

பிறகு 30 வருஷ மழையைப் போட்டு அக்டோபர் 10, 20, 30, நவம்பர் 10 என்று நாலு திகதிக்கும் ஓட்டினேன். சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பாழாய்ப்போன வருஷங்களை மட்டும் எண்ணினால் நவம்பர் 10இல்தான் அவை கூட. அக்டோபர் 10இலும் சில வருஷம் முளைத்துவிட்டுக் கருகியிருக்கிறது, பரண்காவல் ஐயாவின் ஏமாற்று மழை. ஐயாவின் சாண் கணக்கைத் தானாக விதைக்கும் தெரிவில் கொடுத்தபோது பாழான வருஷம் நாலு திகதியையும்விடக் குறைவாக வந்தது.

இப்போது என் கேள்வி வேறு. அந்த 2011ஐ எப்படிச் சேர்ப்பது? வடிகால் வேகத்தைக் குறைத்தேன், 2011 கொஞ்சம் இறங்கியது, ஆனால் மற்ற நல்ல மழை வருஷங்களும் சேர்ந்து இறங்குகின்றன.


மண்கிண்டி எழுதியது:

தங்கச்சி, வடிகாலைக் காணி முழுக்க ஒரே எண்ணாகக் கொடுத்திருப்பீர்கள். வாய்க்கால் ஓரத்தை ஒரு மண்ணாகவும் மேட்டை இன்னொரு மண்ணாகவும் பிரித்து இரண்டு தரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன், மழை பெய்து முடிந்த மறுநாள் காணியில் எங்கே நீர் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். அந்த எண் எந்தக் கோப்பிலும் கிடைக்காது.


பரண்காவல் எழுதியது:

மகள், உழவு மெசினுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. பிறகு மொடல் சொன்ன நாளில் மெசின் வராது.


உன்னிச்சைப்பிள்ளை எழுதியது:

சொல்லியாச்சு ஐயா, முற்பணமும் கொடுத்தாச்சு. பால்மா டின்னும் கட்டியாச்சு. முதல் டின்னை ஆடு தட்டிவிட்டது, இப்போது இரண்டாவது. இன்று காலை 7 மில்லிமீற்றர். அப்பாதான் அளந்து வந்து சொன்னார்.